குதிரைத்திறன் கூடினால் தண்ணீர் கூடுமா? – வாசகர் கேள்வி பதில்

சுழலும் தண்டின் ஆற்றலை நீருக்கோ காற்றுக்கோ கொடுக்கும் கருவிகளையும், ஓடும் நீரிலிருந்தும் வீசும் காற்றிலிருந்தும் ஆற்றலைப் பெற்றுத் தண்டைச் சுழற்றும் கருவிகளையும் பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இம்முறை இடம்பெறுகின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் விரிவாக எழுதப்பட்ட கடிதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கிணற்றில் இருந்த அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டாரை எடுத்துவிட்டு ஒரு எச்.பி. மோட்டார் வைத்தோம். மாடியிலுள்ள 1000 லிட்டர் தொட்டி நிறைய முன்பு அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அது பாதியாகும் என்று கடைக்காரர் சொன்னார். இப்போதும் இருபது நிமிடத்திற்கு மேல் ஆகிறது. மின்கட்டணம் மட்டும் கூடியிருக்கிறது. மோட்டார் சரியில்லையா? நீர்மட்டம் மோட்டாருக்கு 5 மீட்டர் கீழேயும் தொட்டி 10 மீட்டர் மேலேயும் உள்ளன. குழாய் ஓரங்குலம், வளைவுகளையும் கணக்கில் சேர்த்தால் 40 மீட்டர் வரும்.
– வாசகர், தக்கலை

பதில்: நீங்கள் தந்திருக்கும் அளவுகளைப் பார்த்தால் மோட்டாரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, அது தள்ள முயலும் தண்ணீருக்கு உங்கள் குழாய் போதவில்லை. ஓரங்குலக் குழாயில் நொடிக்கு அரை லிட்டர் நீர் ஓடும்போது, 40 மீட்டர் நீளத்தில் உராய்வினால் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீரை ஏற்றுவதற்குச் சமம். அதே குழாயில் நொடிக்கு ஒரு லிட்டர் ஓட வேண்டுமானால் இழப்பு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 8 மீட்டரைத் தொடுகிறது. ஏனெனில் உராய்வு, ஓட்டத்தின் இருமடிக்கு (வர்க்கத்திற்கு) ஏற்ப வளர்கிறது. ஆகவே புதிய மோட்டார் நொடிக்கு ஒரு லிட்டரை எட்டுவதற்கு முன்பே, முக்கால் லிட்டருக்குச் சற்று மேலான ஓர் அளவில், குழாயின் எதிர்ப்போடு சமநிலைக்கு வந்து நின்றுவிடுகிறது.

மின்கட்டணம் கூடியதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 1000 லிட்டர் நீரை 15 மீட்டர் உயர்த்துவதற்கு இயற்கை கேட்கும் ஆற்றல் ஒரு யூனிட்டில் நூற்றில் நான்கு பங்குதான். பழைய மோட்டார் ஏறக்குறைய 500 வாட் இழுத்து 33 நிமிடம் ஓடியதால் 0.28 யூனிட் செலவாகியிருக்கும். புதியது ஏறக்குறைய 1050 வாட் இழுத்து 21 நிமிடம் ஓடுவதால் 0.36 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. பழைய மோட்டார் இழுத்த 500 வாட்டில் உண்மையில் நீருக்குள் போய்ச் சேர்ந்தது 83 வாட் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மீதியெல்லாம் மோட்டாரின் கம்பிச்சுற்றிலும், பேரிங்கிலும், நீரை உந்தும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைச் சுற்றிய நீரின் கலக்கத்திலும் வெப்பமாகப் போயிற்று. வீட்டு மோட்டார்கள் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான்.

இரண்டு வழிகள் உள்ளன. தொட்டி அரை மணி நேரத்தில் நிறைவது உங்களுக்குத் தொல்லையாக இல்லையென்றால் பழைய அரை எச்.பி. மோட்டாரே போதும்; அதையே திரும்ப வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விரைவாக நிறைய வேண்டுமென்றால், புதிய மோட்டாரை வைத்துக்கொண்டு டெலிவரி குழாயை ஒன்றேகால் அங்குலமாக மாற்றுங்கள். ஒரே ஓட்டத்திற்குக் குழாயின் இழப்பு அதன் விட்டத்தின் ஐந்தாம் மடிக்குத் தலைகீழாக மாறுவதால், விட்டத்தில் கால் அங்குலம் கூடினாலே உராய்வு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அடுத்த முறை மோட்டார் வாங்கும்போது எச்.பி.யைக் கேட்காமல், உங்கள் மொத்த ஏற்ற உயரத்தைச் சொல்லி, அந்த உயரத்தில் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் வரும் என்று கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. கையடக்கமான, மின்சாரம் குறைவாக இழுக்கும் வீட்டுப் பம்பு ஒன்றை வடிவமைப்பது எங்கள் குழுவின் திட்டப்பணி. பெரிய நீரேற்று நிலையங்களின் பம்புகள் 85 விழுக்காட்டுத் திறனைத் தாண்டும்போது சிறிய பம்புகள் 40 விழுக்காட்டிலேயே தடுமாறுவது ஏன்? அளவு குறைந்தால் திறனும் குறைந்தே தீருமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அளவு குறைந்தால் திறன் குறையும் என்பது பாதி உண்மைதான். பெரிய பம்பின் வடிவத்தை அப்படியே சுருக்கி, வேகத்தை மாற்றாமல் ஓட்டினால் திறன் நிச்சயம் குறையும். அளவோடு வேகத்தையும் வடிவத்தையும் சேர்த்து மாற்றினால், ஓர் எல்லை வரை, அதே வேலைக்குச் சிறிய பம்பே பெரியதைவிட நன்றாக இயங்கும். இதைத் தக்கலை வாசகரின் பம்பை வைத்தே விளக்கலாம்: நொடிக்கு அரை லிட்டர், உராய்வும் சேர்த்து 17 மீட்டர் ஏற்ற உயரம்.

லியோனார்ட் ஆய்லர் 1750களில் எழுதிய சமன்பாட்டின்படி, பம்பு தரும் ஏற்ற உயரம் இம்பெல்லரின் விளிம்பு வேகத்தையும், நீர் அந்த விளிம்பை விட்டு வெளியேறும்போது அதற்குள்ள சுழற்சியையும் பொறுத்தது. 17 மீட்டருக்கு விளிம்பு வேகம் நொடிக்கு 18 அல்லது 19 மீட்டர் இருந்தால் போதும். அந்த வேகத்தைப் பெரிய இம்பெல்லரை மெதுவாகச் சுழற்றியும் பெறலாம், சிறிய இம்பெல்லரை விரைவாகச் சுழற்றியும் பெறலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மின்கம்பியில் நேரடியாக இணைக்கும் இருதுருவ மோட்டார் நிமிடத்திற்கு 3000 சுற்றைத் தாண்டாது. சுமையோடு 2880 சுற்று வரும். அந்த வேகத்தில் நமக்குத் தேவையான இம்பெல்லரின் விட்டம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய சக்கரத்தின் விளிம்பு வழியாக நொடிக்கு அரை லிட்டர் மட்டுமே வெளியேற வேண்டுமென்றால், நீர்வழியின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பில் அதைச் செய்ய முடியாது. செய்தாலும் கிணற்றின் மணல் அடைத்துவிடும். எனவே உற்பத்தியாளர்கள் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம் வைக்கிறார்கள். நீர் அந்த அகன்ற வழியில் மந்தமாக நகர்ந்து, இறக்கைகளுக்கிடையே திரும்பித் திரும்பிச் சுழன்று, வாங்கிய ஆற்றலை அங்கேயே இழக்கிறது.

இதற்கு மேலாக, சக்கரத்தின் இரு முகங்களும் தங்களைச் சுற்றிய நீரோடு உராய்கின்றன. இந்த இழப்பு வேகத்தின் மும்மடியையும் விட்டத்தின் ஐந்தாம் மடியையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப வளர்கிறது. விளிம்பு வேகத்தை மாற்றாமல் விட்டத்தைப் பாதியாக்கி வேகத்தை இருமடங்காக்கினால், இது நான்கில் ஒரு பங்காகிவிடும். வேகம் கூடினால் உராய்வும் கூடும் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே அதற்கு நேர்மாறாக நடப்பதை உங்கள் அறிக்கையில் அழுத்தமாக எழுதுங்கள்.

ஸ்பெசிஃபிக் ஸ்பீடு என்று உங்கள் பாடநூல் தரும் எண் இந்தத் தேர்வுகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. கோண வேகத்தை ஓட்டத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கமும் ஏற்ற உயரமும் சேர்ந்த பெருக்கத்தின் முக்கால் மடியால் வகுத்தால் அலகில்லாத ஓர் எண் கிடைக்கும். நீரை மையத்திலிருந்து விளிம்பை நோக்கித் தள்ளும் ஆரவழிப் பம்புகள் இந்த எண் 0.5 முதல் 1 வரை இருக்கும்போது சிறப்பாக இயங்குகின்றன. நம் வீட்டுப் பம்புக்குக் கணக்கிட்டால் வருவது 0.145. அதன் திறன் குறைவாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இந்த எண்ணை 0.5க்கு உயர்த்த வேண்டுமானால் வேகத்தை நிமிடத்திற்கு 10,000 சுற்றுக்குக் கொண்டு போக வேண்டும்; அப்போது இம்பெல்லரின் விட்டம் 36 மில்லிமீட்டராகச் சுருங்கும், வெளிவாயின் அகலம் 2 மில்லிமீட்டருக்கு வந்து செய்யக்கூடியதாகும். வேகத்தை உயர்த்தாமல் செய்யும் இன்னொரு வழி, ஏற்ற உயரத்தை மூன்று படிகளாகப் பங்கிடுவது. அதே 2880 சுற்றில் ஒவ்வொரு படியின் எண்ணும் 0.33 ஆகிவிடும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பில் இம்பெல்லர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதற்குக் குழியின் குறுகிய விட்டம் முதற்காரணம் என்றாலும், இந்த ஆதாயமும் சேர்ந்தே கிடைக்கிறது.

மோட்டாரின் பருமனையும் வேகமே தீர்மானிக்கிறது. மோட்டாருக்குள் இருக்க வேண்டிய இரும்பும் செம்பும் அது தர வேண்டிய முறுக்குவிசையைப் பொறுத்தவை. அதே குதிரைத்திறனை மூன்றரை மடங்கு வேகத்தில் கொடுத்தால் முறுக்குவிசை அதே விகிதத்தில் குறையும். நிரந்தரக் காந்தமும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட பி.எல்.டி.சி. மோட்டார்கள் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபின் 50 ஹெர்ட்ஸின் பிடி தளர்ந்துவிட்டது. சிறிய பம்பின் திறன் உயர்ந்ததற்கு இறக்கை வடிவத்தில் வந்த முன்னேற்றத்தைவிட இந்த விடுதலையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆனால் வேகத்தை விரும்பியபடியெல்லாம் ஏற்றிவிட முடியாது. இம்பெல்லரின் நுழைவாயில் அழுத்தம் மிகவும் குறைந்தால் நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவிக் குமிழ்களாக மாறும். அந்தக் குமிழ்கள் உள்ளே உடையும்போது உலோகத்தையே அரிக்கும். இதைத் தவிர்க்க நுழைவாயில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம், வேகம் மூன்றரை மடங்கானால் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளக்கூடிய உயரம் கொள்கையளவில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் என்ற பழைய எல்லை, அதிவேகப் பம்புக்கு இன்னும் சுருங்கும். ஆகையால் உங்கள் பம்பைக் கிணற்றின் மேலே வைப்பதற்கல்லாமல் நீருக்குள் அமிழ்த்தி வைப்பதற்காக வடிவமைப்பது நல்லது.

அடுத்த தடை இடைவெளிகள். சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் இடைவெளி தேவையென்றால், அது 36 மில்லிமீட்டர் இம்பெல்லருக்கும் அதே 0.2 மில்லிமீட்டர்தான்; பம்பு சுருங்கும்போது கசிவின் பங்கு வளர்ந்துகொண்டே போகும். மேற்பரப்பின் சொரசொரப்பும் அப்படித்தான். முப்பரிமாண அச்சில் எடுத்த இம்பெல்லரை மெருகேற்றாமல் சோதனைக்கு வைக்காதீர்கள். ஏற்ற உயரம் மிக அதிகமாகவும் ஓட்டம் மிகக் குறைவாகவும் இருக்குமானால், சுழல் வேகத்தால் நீரை உந்தும் வகையையே விட்டுவிட்டு, அறையறையாக நீரை அடைத்துத் தள்ளும் பல்சக்கரப் பம்பு, திருகுப் பம்பு ஆகிய வகைகளுக்கு மாறிவிடுவது அறிவுடைமை. முதலில் ஓட்டத்தையும் உயரத்தையும் முடிவு செய்யுங்கள். ‘எந்த வீட்டுக்கும் பொருந்தும்’ என்று தொடங்கும் திட்டப்பணி எந்த வீட்டுக்கும் பொருந்தாத பம்பில் போய் முடியும்.

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஓரமாக ஓர் ஓடை இறங்குகிறது. மழை மாதங்களில் நொடிக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் நீர் இருக்கும். எங்கள் எல்லைக்குள்ளேயே 20 மீட்டர் இறக்கம் உண்டு. பம்பைத் தலைகீழாக ஓட்டினால் மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்களே, அது உண்மையா? டர்பைன் வாங்குவது நல்லதா?
– வாசகர், கீரிப்பாறை

பதில்: உண்மைதான். இதே மலைத்தொடரில் கோதையாற்றின் இரு மின்நிலையங்கள் 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும் உற்பத்தி செய்யும் திறன் கொண்டவை. உங்கள் ஓடையிலிருந்து ஒரு கிலோவாட்டை எதிர்பார்க்கலாம். கணக்கு இப்படி: 20 மீட்டரில் குழாய் இழப்பாக 2 மீட்டரை ஒதுக்கினால் 18 மீட்டர் மிஞ்சும். நொடிக்கு 10 லிட்டர் நீர் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது கிடைப்பது 1766 வாட். டர்பைன், ஜெனரேட்டர் இரண்டின் இழப்பும் போக 55 அல்லது 60 விழுக்காடு கையில் நிற்கும். குழாயின் நீளம் நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் உராய்வு இழப்பு ஒன்றேகால் மீட்டர். 90 மில்லிமீட்டர் குழாயில் அது மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். சிறு நீர்மின் அமைப்புகளில் செலவைக் குறைக்க நினைத்து முதலில் கைவைக்கும் இடம் குழாயாகவே இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள்.

எந்த வகை டர்பைன் என்ற கேள்விக்கு வருவோம். மலைப்பகுதி என்றதும், விளிம்பிலுள்ள கிண்ணங்களில் நீர்க்கற்றை மோதிச் சுழலும் பெல்ட்டன் சக்கரத்தைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. 18 மீட்டர் அழுத்தத்தில் குழாயின் குறுகிய முனையிலிருந்து (நாசில்) பாயும் நீரின் வேகம் நொடிக்கு 18 மீட்டர். சக்கரத்தின் கிண்ணங்கள் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் நகர்ந்தால்தான் நீரின் ஆற்றல் முழுவதையும் வாங்க முடியும். ஜெனரேட்டரை நேரடியாக 1500 சுற்றில் ஓட்ட வேண்டுமென்றால் சக்கரத்தின் விட்டம் 11 சென்டிமீட்டர் ஆகிறது. ஆனால் 10 லிட்டரும் ஒரே முனை வழியாகப் பாய வேண்டுமானால் நீர்க்கற்றையின் விட்டம் 26 மில்லிமீட்டர். சக்கரம் கற்றையைவிட நான்கு மடங்கே பெரியது. பெல்ட்டனுக்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு இருக்க வேண்டும். நான்கு முனைகள் வைத்தால் ஓரளவு சரியாகும், அமைப்பு சிக்கலாகும். எரிக் குரூட்சன் 1919இல் வடிவமைத்த டர்கோ என்னும் வகையில், நீர் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக நுழைந்து மறுபக்கத்தில் வெளியேறுவதால், வெளியேறும் நீர் அடுத்த கிண்ணத்தில் மோதித் தடுப்பதில்லை. அதே விட்டத்தில் இருமடங்கு பருத்த கற்றையைத் தாங்கும். உங்கள் ஓடைக்கு இரு முனைகள் கொண்ட டர்கோ பொருந்துகிறது.

பம்பைத் தலைகீழாக ஓட்டுவது இதைவிட மலிவு. பம்பு எங்கும் கிடைக்கும், பேரிங்கும் சீலும் நாகர்கோவில் கடைகளிலேயே வாங்கலாம், பழுது பார்ப்பவருக்கும் பழக்கமான பொருள். ஆனால் உங்கள் 18 மீட்டருக்கும் 10 லிட்டருக்கும் பெயர்ப்பலகையில் அதே எண்களைக் கொண்ட பம்பை வாங்கினால் ஏமாற்றமே கிடைக்கும். பம்பாக ஓடும்போது இழப்புகள் ஏற்ற உயரத்தைக் குறைக்கின்றன. டர்பைனாக ஓடும்போது அதே இழப்புகளைக் கூடுதல் அழுத்தமும் கூடுதல் நீரும் கொடுத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே 65 விழுக்காட்டுத் திறனுள்ள பம்பென்றால், 1500 சுற்றில் 10 அல்லது 11 மீட்டருக்கு நொடிக்கு 7 லிட்டர் தரும் பம்பைத் தேட வேண்டும். ஏறக்குறைய இரண்டு எச்.பி. மோட்டாரோடு வரும், மும்முனை மின்சாரத்தில் ஓடும் மோனோபிளாக் அந்த இடத்தில் அமையும். அதன் மோட்டாரே, தகுந்த கெப்பாசிட்டர்களை இணைத்து, 1500ஐவிடச் சற்றுக் கூடுதலான வேகத்தில் ஓட்டினால் ஜெனரேட்டராக வேலை செய்யும்.

பம்பின் குறை, ஓட்டத்தை நெறிப்படுத்தும் வழிகாட்டி இறக்கைகள் அதற்குக் கிடையாது என்பது. வடிவமைத்த ஓட்டத்தில் நன்றாக ஓடும். நீர் குறையக் குறைய உற்பத்தி மிக விரைவாகச் சரிந்து, ஓட்டம் பாதியாகும்போது பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். டர்கோவில் நீர் பாதியானால் ஒரு முனையை மூடிவிட்டு மற்றதை முழுத்திறனில் ஓட்டலாம். நம் மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் கிடைத்தாலும் இடையில் ஓடைகள் மெலிவது உங்களுக்கே தெரியும். அந்த நாள்களிலும் 10 லிட்டர் கிடைக்குமா என்பதை வாளியும் கடிகாரமும் கொண்டு அளந்து பாருங்கள். கிடைக்குமானால் பம்பு, கிடைக்காதென்றால் டர்கோ.

வீட்டில் விளக்குகளை ஒரேயடியாக அணைத்தால் சுமை இழந்த டர்பைன் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். எனவே மிச்சமாகும் மின்சாரத்தைத் தானாகவே ஒரு நீர்சூடேற்றிக்குத் திருப்பிவிடும் மின்னணுச் சுமைக் கட்டுப்பாட்டுக் கருவி இன்றி இதைத் தொடங்க வேண்டாம். ரப்பர் இலை உதிரும் மாதங்களில் நீர் எடுக்கும் இடத்துச் சல்லடை நாள்தோறும் அடைத்துக்கொள்ளும். அதைச் சாய்வாக அமைத்தால் இலைகள் நீரோடு வழிந்து போகும். ஓடை காப்புக்காட்டிலிருந்து வருவதாலோ அரசுப் புறம்போக்காக இருப்பதாலோ வனத்துறையின் அனுமதியோ நீர்வளத் துறையின் அனுமதியோ தேவைப்படலாம்; குழாய் வாங்குவதற்கு முன்பே அதை விசாரித்து முடியுங்கள்.

கேள்வி: ஃபைபர் வள்ளத்தில் வெளிப்பொருத்து எஞ்சின் வைத்துத் தொழில் செய்கிறோம். பெரிய புரொப்பல்லர் போட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்கிறார்கள் சிலர். புரொப்பல்லரைச் சுற்றி வளையம் போட்டால் இழுவை கூடும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?
– வாசகர், குளச்சல்

பதில்: கொள்கை பெரிய புரொப்பல்லரின் பக்கம்தான். வள்ளத்தைத் தள்ளும் விசை, பின்னுக்குத் தள்ளப்படும் நீரின் அளவையும் அதற்கு ஏற்றப்படும் வேகத்தையும் பெருக்கிய தொகை. பின்னே வீணாகும் ஆற்றலோ அந்த வேகத்தின் இருமடியோடு வளர்கிறது. அதே விசையை நிறைய நீரை மெதுவாகத் தள்ளிப் பெற்றால் வீண் குறையும். ஆனால் பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுழல வேண்டும். உங்கள் எஞ்சினின் கியர் விகிதம் ஒரு குறிப்பிட்ட விட்டத்திற்காகவே அமைக்கப்பட்டிருப்பதால், விட்டத்தை மட்டும் கூட்டினால் எஞ்சின் திணறும். கரையில் அலையோடு ஏற்றி இறக்கும் வள்ளத்தில் நீண்ட இறக்கை மணலில் அடிபடும் என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களால் உடனே செய்யக்கூடியது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம், சரிதானா என்று பார்ப்பது. வழக்கமான சுமையோடு முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, எஞ்சின் கையேட்டில் சொல்லியிருக்கும் சுற்று வேகத்தை எட்டுகிறதா என்று மெக்கானிக்கிடம் உள்ள மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். எட்டவில்லையென்றால் பிட்ச் கூடுதல், தாண்டினால் குறைவு. ஓரங்குல பிட்ச் மாற்றத்திற்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று மாறும். வலையும் மீனும் ஏற்றிய வள்ளத்தையும் வெறும் வள்ளத்தையும் தனித்தனியே அளப்பது நல்லது. வளையம், மெதுவாகச் சென்றபடி கனமான வலையை இழுக்கும் விசைப்படகுக்கு உதவும். விரைந்து ஓடும் வள்ளத்தில் அந்த வளையமே ஒரு தடையாகிவிடும். உங்கள் தொழிலுக்கு அது வேண்டாம்.

கேள்வி: முப்பந்தல் பக்கத்தில் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றனவே, என் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மீட்டர் விட்டமுள்ள சிறிய காற்றாலை வைத்தால் என்ன? ஒரு கிலோவாட் தரும் என்று விளம்பரத்தில் இருக்கிறது.
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: விளம்பரம் பொய் சொல்லவில்லை, எந்தக் காற்று வேகத்தில் என்பதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசும்போது இரண்டு மீட்டர் விட்டமுள்ள நல்ல சிறு காற்றாலை ஏறக்குறைய ஒரு கிலோவாட் தரும். 6 மீட்டர் வேகத்தில் அது 120 வாட்டுக்கு இறங்கிவிடும். எந்தக் காற்றாலையும் தன் வழியே வரும் காற்றின் ஆற்றலில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவியிருக்கிறார். ஆற்றல் முழுவதையும் எடுத்தால் காற்று கடந்து போக வேகமே மிஞ்சாது. சிறியவை எடுப்பது அந்த 59.3 விழுக்காட்டில் பாதியளவே. கணவாய்க் காற்றின் முழுப் பயனைப் பெரிய காற்றாலைகள் உயரமான தூண்களின் உச்சியில் பெறுகின்றன. மாடியில் வீசுவது கைப்பிடிச் சுவரிலும் பக்கத்து வீட்டிலும் தென்னையிலும் மோதிச் சிதறிய காற்று. அதோடு அதிர்வு வீட்டுச் சுவருக்குள் இறங்கும். தனியான தூண் நிறுத்த நிலம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: சாதாரண மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் என்கிறார்கள். காற்று குறையாதா?
– வாசகி, குழித்துறை

பதில்: குறைய வேண்டியதில்லை. மிச்சமாவது மோட்டாரில், பழைய விசிறியின் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவையும் வாட்டையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். இறக்கைகள் கேட்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடி என்பதால், இரவில் வேகத்தை ஒரு படி குறைத்தால் மிச்சம் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கிணற்று நீர் சற்று உப்பு. பம்பு வாங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்ணீர் வரத்து குறைந்துவிடுகிறது. மோட்டார் மட்டும் நன்றாகவே ஓடுகிறது.
– வாசகர், மணக்குடி

பதில்: வார்ப்பிரும்பு இம்பெல்லரின் விளிம்பும், அது கேசிங்கோடு (பம்பின் வெளிக்கூட்டோடு) நெருங்கிச் சுழலும் வளையமும் அரித்துப் போயிருக்கும். இடைவெளி பெருகப் பெருக, ஏற்றிய நீரில் ஒரு பகுதி உள்ளேயே நுழைவாய்க்குத் திரும்பி வந்துவிடும். மோட்டார் ஒரே நீரையே மீண்டும் மீண்டும் ஏற்றிக்கொண்டிருக்கும். பம்பு முழுவதையும் மாற்ற வேண்டாம். வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த இம்பெல்லரும் வளையமும் உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். கேசிங்கின் உட்புறமும் புண்ணாகியிருந்தால் மட்டும் புதிய பம்பு வாங்கலாம். அப்போது இம்பெல்லரும் தண்டும் உப்பு நீருக்கென்றே செய்யப்பட்டவையா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.